ஆறாவது சாமான்

எங்கள் லயத்தில் மிச்சமிருப்பது வரிசையாக ஒட்டிய ஒன்பது வீடு. சிம்பாங் பூலாய் தாண்டி, சிமெண்டு லாரிகள் போகிற ரோட்டை விட்டு மண் சாலையில் இறங்கினால் செம்பனை, அப்புறம் செம்பனை, அதற்கும் அப்புறம் செம்பனை. நடுவில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி நாங்கள். ஒரு காலத்தில் இது ரப்பர் தோட்டமாம். நான் பிறப்பதற்குள் எல்லா மரத்தையும் தள்ளிவிட்டார்கள், முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் நிற்கிற ஒன்றைத் தவிர. அதைத் தள்ள வந்த மெஷின் மூன்று தடவை நின்றுபோனதாம். எண்ணெய் தீர்ந்து நின்றிருக்கும் என்று நான் சொன்னதற்கு அம்மா வாயிலேயே ஒன்று போட்டாள்.

பத்துமலை அண்ணன் எங்கள் பக்கத்து வீடு. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர் ஈப்போவில் ஒரு கடைக்கு வேலை செய்கிறார்; பணக்காரர் வீடுகளில் கேமரா மாட்டுவது, தானாகத் திறக்கிற கேட்டு போடுவது. ஈப்போவில் பாதி வீட்டுக்குக் கண் வைத்துக் கொடுத்தவர் அவர். அவர் வீட்டுக் கதவுக்கு மட்டும் ஒரு கொக்கியும் கொஞ்சம் நம்பிக்கையும்.

அவர் அதிகம் பேச மாட்டார். பேசியதெல்லாம் புனிதா அக்காதான்.

அக்காவுக்குக் கையுறை ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். அண்ணனுக்குப் பகல் வேலை. காலையில் ஃபேக்டரி பஸ் மண் சாலைக்குள் வரும்போது அண்ணனின் மோட்டார் சைக்கிள் வெளியே போகும். பஸ்ஸைப் பார்த்ததும் அவர் ஒரு தடவை லைட்டைப் போட்டு அணைப்பார். அதுதான் அன்றைக்குப் புருஷன் பொண்டாட்டி பார்த்துக்கொண்டது. மிச்சக் குடித்தனமெல்லாம் போனுக்குள் நடந்தது. ஆறு வருஷம். அக்கா பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு குரல் அனுப்புவார். அண்ணன் சாயங்காலம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு போனைப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். பலகைச் சுவர் என்பதால் நானும் கேட்பேன்.

"கீழ்த் தட்டுல மீன் கொழம்பு இருக்கு. பூன தொடாம மூடுங்க. சட்டைய ஊற வச்சிருக்கேன், அலசி மட்டும் போடுங்க. நேத்து இருமுனீங்களே, இஞ்சி தட்டிப் போட்டு குடிச்சீங்களா?"

அதற்கு அண்ணன் அனுப்புகிற பதில் ஒரு நொடிதான் இருக்கும்.

"ம்."

ஆறு வருஷத்துக்கும் அதே "ம்". நான் அதை அப்படியே செய்து காட்டினால் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அக்காவைப் பயமுறுத்த மட்டும் என்னால் முடிந்ததே இல்லை. ஒருநாள் அவர் ஃபேக்டரிக்குக் காலில் போட்டுப் போகிற சப்பாத்துக்குள் ரப்பர் பாம்பு வைத்தேன். சத்தமே இல்லை. மறுநாள் எங்கள் வீட்டில் சோற்று மூடியைத் திறந்தேன், அந்தப் பாம்பு என் தட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேல் ஒரு கறிவேப்பிலை வேறு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. ஒரு சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது அண்ணனுக்கு ஒரு குரல் அனுப்பினார். கடையில் வாங்க வேண்டிய சாமான்கள். அனுப்பிவிட்டு ஃபேக்டரி வாசலில் இறங்கியவர் அங்கேயே விழுந்தார். அண்ணன் கடைக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனார். ஐந்தாவது நாள் அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அதற்குப் பிறகும் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பேசிக்கொண்டுதான் இருந்தார். அண்ணன் எல்லாக் குரலையும் லெப்டாப்பில் ஏற்றி, ஒரு சின்ன டிஸ்க்கிலும் காப்பி எடுத்து வைத்திருந்தார். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. கடைசியில் அந்தச் சாமான் குரல். அதை மட்டும் தினமும் கேட்பார். அப்போது அம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாள். அதனால் அதில் அக்கா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், அண்ணன் வீட்டில் திருடன் புகுந்தான். லெப்டாப், சமையல் கேஸ் தோம்பு, அலமாரியில் இருந்த அக்காவின் போன், அண்ணனின் பழைய போன், எல்லாம் போச்சு. அண்ணன் வந்தார். கொக்கி தொங்குவதைப் பார்த்தார். வீட்டுக்குள் ஒரு எட்டுகூட வைக்கவில்லை. திரும்பிப் போய் மோட்டார் சீட்டைத் தூக்கினார். அந்த டிஸ்க், மழைக்கோட்டுக்கு அடியில், அங்கே இருந்தது. அன்றைக்குக் கடையில் ஏதோ வேலைக்கு எடுத்துப் போயிருக்கிறார். அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அக்காவைப் புதைத்த அன்றைக்குக்கூட அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

இனிமேல் உலகத்தில் அக்காவின் குரல் அந்த ஒரு டிஸ்க்கில்தான்.

மறுவாரமே வேலை ஆரம்பித்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு வாங்கிவந்தார். அதுதான் கம்ப்யூட்டராம், இருபத்து நாலு மணி நேரமும் ஓடுமாம். அதில் டிஸ்க்கை மாட்டி எங்காவது ஒளித்து வைத்துவிட்டால், வயர் இல்லாமல் வீட்டு வைஃபையிலேயே போனில் திறந்து கேட்கலாம். வீட்டு வாசலில் அவர் புதிதாக மாட்டிய கேமரா பிடிப்பதும் அதற்குள் போய் விழும். திருடன் வீட்டையே தூக்கிக்கொண்டு போனாலும் பெட்டி வேறு இடத்தில் இருக்கும்.

"ஏண்ணே, இண்டர்நெட்ல எங்கயாச்சும் ஏத்தி விட்டா முடிஞ்சிதே?"

"மொகம் தெரியாதவன் கையில அவ கொரல எப்படிம்மா குடுக்கறது?"

முதலில் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். அழகாக இருந்தது. போனில் ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரம் போனைத் தட்டிவிட்டு, தகர டின்னுக்குள் சிக்னல் போகாது என்று அவருக்கு ஞாபகம் வந்தது. பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் கேமரா மாட்டுகிற ஆள். நான் சிரித்ததில் முறுக்கு மூக்கில் ஏறிவிட்டது. அப்புறம் பிளாஸ்டிக் டப்பா. ஓட்டைக்குக் கொசுவலை, பல்லி புகாமல். ஈரத்துக்குப் புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சின்ன உப்புப் பொட்டலங்கள். யாராவது மூடியைத் திறந்தால் கத்துவதற்கு ஒரு குட்டி ஸ்பீக்கர்.

டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டும் போட்டார். கரண்டு போய்விட்டால் பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும். மறுபடி பாஸ்வேர்டு அடித்தால்தான் திறக்கும். இல்லையென்றால் அது வெறும் செங்கல். யாராலும் திறக்க முடியாது, செய்தவராலும்.

"எங்கயாச்சும் எழுதி வச்சீங்களா அண்ணே?"

"எழுதி வச்சா திருடனுக்குக் கடுதாசி போட்ட மாதிரி. அவ கடைசியா சொன்னாளே ஆறு சாமான், அதான், அதே வரிசையில. எனக்கு மறக்குமா அது?"

ஒளித்து வைக்கிற இடத்தையும் அவரே சொன்னார். கேட்டதும் எனக்கு முறுக்கு இறங்கவில்லை.

முனியாண்டி கோயில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இடுப்பளவு சிமெண்டு மேடை, மேலே ஒரு கல், சூலம், தகரக் கூரை. கூரையில் ஒரு பல்பு. அதற்குக் கரண்டு அண்ணன் வீட்டிலிருந்துதான் போகிறது. மேடைக்குள் பழைய விளக்கெல்லாம் போடுவதற்கு ஒரு பொந்து இருக்கிறது. அங்கே.

"திருடனுக்கு போலீஸ் பயம் கெடையாது. கேமரா பயமும் கெடையாது, அது எனக்கே தெரியும். முனி பயம் இருக்குலா."

அது சரிதான். ஆனால் முனி மேடையில் ஒரு துரும்பு வைப்பதென்றாலும் உத்தரவு கேட்கணும். சூலத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிற்கணும். பழம் உருண்டால் சரி. உருளாவிட்டால் வந்த வழியே போகணும். குடிகாரன்கூட இங்கே உத்தரவு கேட்டுத்தான் உட்காருவான்.

"உத்தரவு கேட்டீங்களா அண்ணே?"

அவர் டப்பாவைப் பொந்துக்குள் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"கேட்டு, இல்லன்னு சொல்லிட்டா?"

நான் டார்ச் அடித்துக் காட்டினேன்.

வேலைக்காக அவர் தைப்பிங் பக்கம் போனால் இரண்டு நாள் வரமாட்டார். அதனால் என் போனிலும் பெட்டியைப் பார்க்கிற வழி செய்து கொடுத்தார். பச்சை என்றால் ஓடுகிறது, சிவப்பு என்றால் நின்றுவிட்டது. "பாக்கறதோட நிறுத்திக்க" என்றார். ம் என்றேன், அவர் மாதிரியே.

மூன்றாம் நாளே லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. பெட்டியில் ஒரு நீல விளக்கு உண்டு. பகலில் தெரியாது. ஏழு மணி வாக்கில், வெளிச்சம் போயும் போகாமலும் இருக்கும்போது, பொந்துக்குள்ளிருந்து நீலமாக ஏறும், இறங்கும், ஏறும். தூங்குகிறவர்கள் நெஞ்சு மாதிரி. அதே நேரத்தில்தான் அன்றைய கேமரா படங்களைப் பெட்டி சரிபார்க்கும். அப்போது உள்ளே இருக்கிற சின்ன ஃபேன் சுற்றும். மூக்கடைத்தவர்கள் மூச்சு விடுகிற சத்தம். நாய்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்தின. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற கருப்பம்மாள் அத்தை, "முனி கண்ணத் தொறந்துட்டாருடி" என்று சொல்லி, தூரத்திலிருந்தே கும்பிட ஆரம்பித்தார்.

எனக்கு விஷயம் தெரியும். கொசுவலையை வெட்டி ஒட்டியதே நான்தான். ஆனாலும் ஏழு மணிக்கு அந்தப் பக்கம் போனால் நடை தானாக வேகமாகும். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று தடவை பேசிய ஒருத்தர் அந்தப் பொந்துக்குள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றும்.

இனி நான் செய்தது.

கடைசி வீட்டு விக்னேஸ்வரன் லாரியில் கிளீனர். சாயங்காலமானால் கோயிலுக்குப் பின்னால், அந்த ரப்பர் மரத்தடியில், சம்சுச் சாராயப் பாட்டிலோடு உட்காருவான். நான் நாலாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து என்னைப் பார்த்தால் ஒரே பாட்டு.

"என்னா பெரொபசரு, இன்னிக்கு லீவா?"

"ஆமா மச்சான், ஒங்க லாரி கழுவற காலேஜுல சீட்டு கெடைக்கல."

ஆறு மாதமாக அந்தப் பாட்டு. அவனை ஒருநாள் ஓடவைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். என் குரலில் ஒரு உறுமல் எடுத்து, வேகத்தைக் குறைத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி செய்தேன். போன் வழியாகப் பெட்டிக்குள் போட்டேன். உள்ளே எனக்குத் திறந்த ஃபோல்டர் ஒன்றுதான். அக்காவின் குரல்கள் இருக்கிற ஃபோல்டர். புதியது மேலே, பழையது கீழே. என் உறுமல் எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்தது. அதற்கு அடுத்து என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஏழு மணி. அண்ணன் இன்னும் வேலை முடிந்து வரவில்லை. தண்ணித் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு போனில் அழுத்தினேன். மேடைக்குள்ளிருந்து உறுமல் வந்தது. விக்னேஸ் துள்ளி எழுந்தான். அப்புறம் இடுப்பில் கை வைத்தான்.

"ஏய் பெரொபசரு! ஒன் வேலதானே? வெளிய வாடி! நாய் கொலச்சா நான் ஓடிருவேனா?"

நான் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உறுமல் முடிந்தது. அவன் மறுபடி உட்காரப் போனான்.

மேடைக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள்.

நான் பெண் குரல் எதையும் எடுக்கவில்லை. காற்றில் செம்பனை மட்டைகள் உரசிக்கொண்டிருந்ததால் வார்த்தை என் காதுக்கு வரவில்லை. ராகம் மட்டும் வந்தது. கோபம் இல்லை, அழுகை இல்லை. களைப்பாக, வீட்டுச் சாமான் சொல்கிற ராகம். பலகைச் சுவர் வழியாக ஆறு வருஷம் கேட்ட ராகம். என் கையில் இருந்த போன் எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது. என் உறுமல் முடிந்ததும் பெட்டி தானாக அடுத்ததைப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று தலைக்குப் புரிந்தது. முதுகுக்குப் புரியவில்லை.

விக்னேஸ் ஓடவில்லை. அதுதான் பயங்கரம். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டான். குரல் நின்ற பிறகு முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்தான். ரோட்டுக்கு வந்ததும்தான் ஓடினான். செருப்பு மரத்தடியிலேயே கிடந்தது.

என் உறுமலை அழித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் தைப்பிங்கில். ஏழு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விக்னேஸ் குளித்து, திருநீறு பூசி, பெரிய பிளாஸ்டிக் பையோடு மேடைக்கு முன்னால் நின்றான். வாழை இலை போட்டான். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். பிறகு மரத்துக்குப் பின்னால் போனான். டொக். டொக். டொக். மூன்றே தடவை. திரும்பி வந்து, கைப்பிடி அளவு சூடத்தை மேடையின் ஓரத்தில் வைத்துக் கொளுத்தினான். சரியாக அந்த இடத்தில்தான் பல்புக்கும் பெட்டிக்கும் போகிற வயர் இறங்குகிறது.

வயர் உருகியது. பட் என்று ஒரு சத்தம். பல்பு போச்சு, அண்ணன் வீட்டு விளக்கு போச்சு, பொந்துக்குள் நீலம் பாதி ஏறிக்கொண்டிருந்தது, அப்படியே நின்றது. என் போனில் சிவப்பு. விக்னேஸ் அலறிக்கொண்டு ஓடினான். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை காலையில் அண்ணன் வந்து வயரை மாற்றினார். "சூடம் கொளுத்தியிருக்கானுங்க" என்றார், அவ்வளவுதான். பெட்டி உயிர் பெற்றது. பாஸ்வேர்டு கேட்டது. மேடைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து போனில் அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார். தவறு.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. அவர் நகரவில்லை. பதினோரு மணிக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கருவாடு இருக்கு" என்றார் என்னைப் பார்க்காமல். "தேங்கா இருக்கு. அவ எப்பயும் சொல்றது அது ரெண்டும். மத்த நாலு… எழுத்தெல்லாம் எப்படி அடிச்சேன்னு தெரியும்மா. சாமான்தான் வரமாட்டேங்குது."

"தினம் கேட்டீங்களே அண்ணே?"

"ஆறு மாசமா கேக்கல."

காப்பி டம்ளரை மண்ணில் வைத்தார்.

"வெளிய இருந்தப்ப தொலைஞ்சிடுமோன்னு தினம் கேட்டேன். உள்ள வச்சதுக்கப்புறம் பத்திரமா இருக்கு, நாளைக்குக் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன். ராத்திரி தூக்கம் வர ஆரம்பிச்சிச்சு. நல்லாத் தூங்கினேன்மா." சிரிக்கப் பார்த்தார். "தூங்கித் தூங்கியே மறந்துட்டேன்."

அவரைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தேன். விக்னேஸ் போட்ட வாழை இலை மழையில் கிழிந்து கிடந்தது. தின்கிறதையெல்லாம் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் மூன்று கிடந்தது. பிரிக்காத பேட்டரி இரண்டு, ஒரே அட்டையில். ரோஸ் கலர் சீப்பு. ஒரு பொட்டலம் ஊசி.

முனிக்குச் சுருட்டு வைப்பார்கள். சம்சு வைப்பார்கள். சேவல் கொடுப்பார்கள். சீப்பை யார் வைப்பார்கள்?

கேட்ட தெய்வத்துக்குக் கேட்டதை வைத்திருக்கிறான். அக்கா சொல்லச் சொல்ல, கையைக் கூப்பிக்கொண்டு கேட்டுவிட்டு, கடை கடையாக ஏறி வாங்கி வந்து படைத்திருக்கிறான்.

"அண்ணே," என்றேன். "அடிக்கறதுன்னா அப்புறம் அடிங்க. மொதல்ல கேளுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். உறுமல், ஃபோல்டர், குரல், செருப்பு. ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சீப்பை எடுத்து மண்ணைத் துடைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கொரலு எப்படி இருந்திச்சு?"

"களைப்பா இருந்திச்சிண்ணே."

தலையை ஆட்டினார், சரியான பதில் சொன்ன மாதிரி.

இப்போது கையில் ஐந்து சாமான். ஆறாவது தெரியாது, வரிசையும் தெரியாது. தெரிந்தவன் விக்னேஸ் ஒருத்தன்தான். அவன் போன் அடைத்துக் கிடந்தது. பயந்த காய்ச்சலாம், தாப்பா டவுனில் அவன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டானாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மோட்டாரில் நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மோட்டாரில் சுண்ணாம்பு மலைகளைத் தாண்டிப் போகும்போது குகை வாய் ஒவ்வொன்றும் ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது.

மலைக்குப் போகிற பஸ்கள் நிற்கிற இடத்துக்குப் பின்னால், மாடி வீடு. விக்னேஸ் போர்வைக்குள் இருந்தான். கழுத்தில் மூன்று கயிறு.

"நான்தான் மச்சான்," என்றேன். "உறுமினது நான்தான். அப்புறம் பேசினது புனிதா அக்காவோட பழைய மெசேஜு. பெட்டிக்குள்ள இருந்து வந்திச்சு."

அவன் என்னை நம்பவில்லை. நம்ப அவனுக்கு இஷ்டமும் இல்லை.

"போடி. உறுமினது நீதான், அது எனக்கு அப்பவே தெரியும். ரெண்டாவது பேசினது பெட்டியில்ல. ஆணி கேட்டிச்சுடி அது!" போர்வையை இழுத்துக்கொண்டான். "எந்தப் பேயாச்சும் தன்னக் கட்டி வைக்க ஆணி கேக்குமா? அதுவே கேட்டிச்சு. பாவமா கேட்டிச்சு. அதான் மரத்துல அடிச்சிட்டு வந்தேன்."

டொக், டொக், டொக். ஆவியைக் கட்ட மரத்தில் ஆணி அடிப்பார்கள். அது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன், எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "வரிசையா சொல்லு தம்பி."

விக்னேஸ் கண்ணை மூடினான். ஐந்து நாளாக அவன் தலைக்குள் அது ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒரு தடங்கலும் இல்லை.

"கருவாடு. கடிகாரத்துக்கு பேட்டரி. சீப்பு. தேங்கா. ஊசி. ஆணி ஒண்ணு, காலண்டர் மாட்டறதுக்கு." கண்ணைத் திறந்தான். "பேய்க்கு எதுக்குண்ணே காலண்டரு? அத நெனச்சாதான் ஒடம்பு நடுங்குது."

கீழே பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"நான் வாங்கல," என்றார். "அன்னிக்குக் கடைக்குப் போகவே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சி நீ வாங்கிட்டே."

விக்னேஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் அவன் போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்தார்.

லயத்துக்கு வரும்போது ஏழு மணி ஆகிவிட்டது. மேடைக்கு முன்னால் மோட்டாரை நிறுத்தி, இறங்காமலேயே போனில் அடித்தார். ஆறு சாமான். பொந்துக்குள் ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் நீலம் மெதுவாக ஏறியது. ஃபேன் மூச்சு விட்டது.

அவர் உடனே எதையும் கேட்கவில்லை. மோட்டார் சீட்டைத் தூக்கி, குறடு எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனார். ஆணியைச் சுற்றி ரப்பர் பால் வடிந்து, வெள்ளையாகக் காய்ந்திருந்தது. எத்தனையோ வருஷமாக யாரும் சீவாத மரம். டார்ச்சோடு அந்த வழியாக வந்த கருப்பம்மாள் அத்தை அதைப் பார்த்துவிட்டார்.

"டேய் பத்து! புடுங்காதடா! யாரு அடிச்சதோ! கட்டு அவுந்துச்சின்னா அது வீட்டுக்கு வந்துரும்டா!"

ஆணி கிரீச்சென்று வெளியே வந்தது. துளையில் புதுப் பால் ஒரு சொட்டு நின்றது.

"வரட்டும் அத்த," என்றார் அண்ணன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இரண்டாவது பெட்டியும் செய்துவிட்டோம். ஒரே காப்பி வைத்திருந்தால் அது காப்பியே இல்லை என்று நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். அது எங்கே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இந்தத் தடவை உத்தரவு கேட்டோம், பழம் உருண்டது. நான் ஊதவில்லை.

ஆனால் அன்றைக்கு, ஆணி பிடுங்கிய அன்றைக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. இரண்டு வருஷமாகச் சுருட்டியே கிடந்த மளிகைக் கடைக் காலண்டரை விரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு தட்டு வைக்கிற சத்தம். அம்மா ரேடியோ பக்கம் கையை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் இரைச்சல். அதற்குள்ளே அக்கா. கருவாடு, கடிகாரத்துக்கு பேட்டரி, சீப்பு, தேங்கா, ஊசி. ஆணி ஒண்ணு, காலண்டர் மாட்டறதுக்கு. மறந்துடாதீங்க.

வெளியே நாய்கூடக் குரைக்கவில்லை.

அப்புறம் பலகைக்கு அந்தப் பக்கம், ஒரே ஒரு நொடி:

"ம்."